காவல்துறைச் சுடுதூரப் புள்ளிவிவரம்: அட்டவணையைப் படிக்கும் முறை

“காவலர்களின் துப்பாக்கிச் சண்டைகளில் பாதி ஐந்தடிக்குள் நடக்கிறது.” அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சிக் காணொளிகளிலும் அவற்றைப் பார்த்து எழுதப்படும் தமிழ்ச் செய்திகளிலும் இந்த வாக்கியம் அடிக்கடி தலைகாட்டும். மூலத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும், கொல்லப்பட்ட, தாக்கப்பட்ட காவல் அலுவலர்களைப் பற்றி அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வெளியிடும் லியோகா (LEOKA) அட்டவணையில் போய் நிற்போம். அட்டவணையில் பிழை இல்லை. ஆனால் அது துப்பாக்கிச் சண்டைகளின் பட்டியலே அல்ல, துப்பாக்கியால் கொல்லப்பட்ட காவல் அலுவலர்களின் பட்டியல். இந்த ஒரு வேறுபாட்டைத் தவறவிட்டால் பின்னால் போடும் கணக்கு அத்தனையும் வீண்.

இந்த வழிகாட்டி அமெரிக்கத் தரவுகளைப் பற்றியது. தூரத்தைத் தனிக் கட்டமாகப் போட்டு ஆண்டுக்கணக்கில் வெளியிட்டுவரும் அட்டவணைகள் அங்கேதான் பொதுப் பார்வைக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், பள்ளிக்கூடப் புள்ளியியல் போதும்.

முதல் படி: யாருடைய தூரம்?

எந்த எண்ணைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான்: ஒரு நிகழ்வு இந்தப் பட்டியலுக்குள் வர என்ன நடந்திருக்க வேண்டும்? லியோகாவின் தூர அட்டவணையில் இடம்பெற ஒரு காவல் அலுவலர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாகியிருக்க வேண்டும். நியூயார்க் நகரக் காவல்துறையின் ஆண்டறிக்கையில் இடம்பெற, அந்தத் துறையைச் சேர்ந்த ஒருவரின் துப்பாக்கி வெடித்திருந்தாலே போதும். எதிராளியைச் சுட்டது, பாய்ந்த நாயைச் சுட்டது, கைதவறி வெடித்தது என்று தனித்தனித் தலைப்புகளில் எல்லாம் அதில் பதிவாகும். வாஷிங்டன் போஸ்ட் 2015 முதல் தொகுத்த தரவில் இடம்பெற, காவலர் சுட்டு ஒருவர் இறந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மரணங்கள் அதில் பதிவாயின. அதில் தூரம் என்ற கட்டமே கிடையாது. அதைச் சான்றாகக் காட்டி யாராவது தூரத்தைப் பற்றிப் பேசினால் அங்கேயே நிறுத்திக் கேட்கலாம்.

பட்டியலின் வாசல் மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதற்கு நியூயார்க்கின் பழைய ஆய்வைவிட நல்ல பாடம் இல்லை. 1969-இல் அத்துறை ‘எஸ்ஓபி 9’ என்ற உத்தரவின் மூலம் துப்பாக்கிச் சூடுகளை விரிவாகப் பதியத் தொடங்கியது. அதையொட்டி வந்த தொகுப்பில் இரண்டு கணக்குகள் உண்டு. 1854 செப்டம்பர் முதல் 1979 டிசம்பர் வரை ஆயுத மோதலில் இறந்த 254 அலுவலர்களில் 34 சதவீதத்தினர் 3 அடிக்குள்ளும், 47 சதவீதத்தினர் 3 முதல் 6 அடிக்குள்ளும், 9 சதவீதத்தினர் 6 முதல் 15 அடிக்குள்ளும் சுடப்பட்டவர்கள். அலுவலர் உயிர்பிழைத்த ஏறத்தாழ 4,000 நிகழ்வுகளிலோ 51 சதவீதம் 10 அடிக்குள்ளும், 24 சதவீதம் 10 முதல் 20 அடிக்குள்ளும் நடந்தவை.

இரண்டு கணக்கிலும் கட்டங்கள் ஒன்றல்ல. அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்று கைவிட வேண்டியதில்லை. இறந்தவர்களில் 6 அடிக்குள் வந்தவர்கள் 81 சதவீதம். பிழைத்தவர்களில் அதைவிடப் பெரிய வட்டமான 10 அடிக்குள் வந்ததே 51 சதவீதம்தான். கட்டத்தின் எல்லை எப்படி இருந்தாலும், இறந்தவர்களின் பட்டியல் கிட்டத்திலேயே குவிகிறது என்பது உறுதி. காரணமும் விளங்காததல்ல: கிட்டத்தில் சுட்டால் குண்டு தவறுவது குறைவு. ஆக, மரணப் பட்டியலை வைத்து மோதல்கள் எத்தனை அடியில் நடக்கின்றன என்று சொல்பவர், மோதல்களை உள்ளதைவிட நெருக்கமாகக் காட்டிவிடுகிறார். அந்த 254 மரணங்களும் 125 ஆண்டுகளில் பரவிக் கிடப்பவை என்பதும் மனதில் இருக்கட்டும். எரிவாயு விளக்குக் காலமும் ரோந்து கார் காலமும் ஒரே கூட்டுத்தொகைக்குள் அடங்கியிருக்கின்றன.

இரண்டாம் படி: எந்தக் கணத்தின் தூரம்? அளந்தது யார்?

துப்பாக்கிச் சூட்டில் இரு தரப்பும் சிலைபோல நிற்பதில்லை. முதல் தோட்டா கிளம்பும்போது 4 அடி, கடைசித் தோட்டாவின்போது 30 அடி என்று இருக்கலாம். அட்டவணையில் ஒரே ஓர் எண்தான் ஏறும். அது முதல் சூட்டின் தூரமா, உடலில் பட்ட சூட்டின் தூரமா, கடைசிச் சூட்டின் தூரமா என்பதை அறிக்கையின் விளக்கக் குறிப்பில் தேடுங்கள். விளக்கம் இல்லையென்றால் உங்கள் கட்டுரையில் ‘பதிவான தூரம்’ என்று மட்டும் எழுதுங்கள்.

அளவு வந்த வழியும் முக்கியம். சுட்டவர் தன் நினைவிலிருந்து சொன்னது ஒன்று. அச்ச வேளையில் கண் போடும் கணக்கு நம்பத்தக்கதல்ல. தரையில் கிடந்த காலித் தோட்டா உறைகளை வைத்து நிற்குமிடத்தை ஊகிப்பது இன்னொன்று. உறை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பது துப்பாக்கியையும் பிடித்த கோணத்தையும் பொறுத்தது. கான்கிரீட்டில் உருளும், ஓடுபவர் காலில் பட்டு நகரும். ரிவால்வராக இருந்தால் உறை வெளியே விழவே விழாது. காணொளியையும் லேசர் ஸ்கேனரையும் சேர்த்து அளந்ததுதான் ஓரளவு திடமானது.

பலரை வழுக்கும் இடம் பிரேதப் பரிசோதனை அறிக்கை. தடயவியல் மருத்துவம் காயத்தில் உள்ள கரிப்படிவு, வெடிமருந்துத் துகள்கள் தோலில் குத்திய புள்ளிகள் ஆகியவற்றை வைத்துத் துப்பாக்கி முனைக்கும் தோலுக்கும் இடையே இருந்த தூரத்தை மதிப்பிடுகிறது. கைத்துப்பாக்கியில் இந்தத் துகள் தடங்கள் பொதுவாக 2, 3 அடி வரைதான் கிடைக்கும். துப்பாக்கியும் தோட்டாவும் மாறினால் இந்த எல்லையும் நகரும். அதற்கு அப்பாலிருந்து சுட்டது அனைத்தும் மருத்துவர் மொழியில் ‘தொலைவுச் சூடு’. ஐந்தடியில் சுட்டாலும் தொலைவு, ஐம்பதடியில் சுட்டாலும் தொலைவு. நடுவில் கனத்த துணி இருந்தால் துகள்கள் அதிலேயே தங்கிவிடும், கிட்டத்துச் சூடும் தொலைவுபோலத் தோன்றும். ஆகவே மருத்துவ அறிக்கையின் ‘தொலைவு’ என்ற சொல்லை எடுத்து ‘வெகுதூரத்திலிருந்து சுட்டார்கள்’ என்று தலைப்பிடுவது தவறு. உடையைப் பரிசோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாம் படி: கட்டமும் அலகும்

லியோகா கட்டங்கள் இவை: 0–5 அடி, 6–10, 11–20, 21–50, 50-க்கு மேல், தூரம் பதிவாகாதவை. அகலம் ஒன்றுபோல இல்லை. முதல் இரண்டும் ஐந்தைந்தடி, அடுத்தது பத்தடி, நான்காவது முப்பதடி, ஐந்தாவதற்கு முடிவே இல்லை. அப்படியே பட்டை வரைபடமாகப் போட்டால் கண் ஏமாறும்.

கணக்குப் பழக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை எந்த ஆண்டின் தரவும் அல்ல. 100 நிகழ்வுகளில் 0–5 அடியில் 45, 6–10-இல் 18, 11–20-இல் 13, 21–50-இல் 10, அதற்கு மேல் 6, தெரியாதவை 8. மூன்றாவது, நான்காவது கட்டங்களில் 13, 10 என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லைபோல இருக்கும். அகலத்தால் வகுத்துப் பாருங்கள். ஓர் அடிக்கு 1.3, 0.33. நான்கு மடங்கு வேறுபாடு. முதல் கட்டத்தில் ஓர் அடிக்கு 9. பள்ளியில் சமமற்ற பிரிவு இடைவெளிக்குச் செவ்வகப் படம் வரையக் கற்றுக்கொடுத்தது இதற்குத்தான்.

சராசரி தூரம் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். கடைசிக் கட்டத்துக்கு மேல் எல்லை இல்லாததால் இந்த அட்டவணையிலிருந்து சராசரியைக் கணக்கிடவே முடியாது. மூல எண்கள் கையில் இருந்தாலும் ஒரே ஒரு தொலைதூரச் சூடு சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும். 4, 6, 7, 9, 300 அடி என்ற ஐந்து எண்களின் சராசரி 65.2. இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், 7. எந்தக் காவலரும் 65 அடியில் சுடவில்லை. இடைநிலையையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து அலகு. துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் கஜம், அறிக்கைகளில் அடி, நம் செய்திகளில் மீட்டர். 1 கஜம் 3 அடி, 0.91 மீட்டர். 5 அடி என்பது ஒன்றரை மீட்டர், 50 அடி என்பது 15 மீட்டரைச் சற்றே தாண்டும். ‘5’ என்ற எண் ஒன்றில் அடியாகவும் மற்றொன்றில் கஜமாகவும் இருக்க, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட கட்டுரைகள் உண்டு.

இதிலும் நுணுக்கமான வலை ஒன்று: அமெரிக்கப் பயிற்சியில் 7 கஜம் ஒரு முக்கியமான தூரம். 7 கஜம் என்பது 21 அடி. லியோகாவில் 21 அடி விழுவது 21–50 கட்டத்தில். ‘7 கஜமும் அதற்குள்ளும்’ என்று பிரித்த அறிக்கையில் அதே 21 அடி கிட்டத்துப் பக்கம் சேரும். ஆட்கள் தூரத்தை வாய்வழி சொல்லும்போது 5, 10, 15, 20, 21 என்று பழகிய எண்களில்தான் நிற்பார்கள், 17 என்று யாரும் சொல்வதில்லை. எனவே கட்டத்தின் விளிம்பில் நிறையப் பேர் குவிந்திருக்க வாய்ப்புண்டு. 20-ஐ 21 என்று எழுதினால் ஒரு நிகழ்வு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். இரண்டு அறிக்கைகளின் விளிம்புகள் பொருந்தாவிட்டால் கட்டங்களைச் சேர்த்து அகலமாக்கி ஒப்பிடுங்கள். பிரித்துப் பொருத்தப் பார்க்காதீர்கள்.

நான்காம் படி: தெரியாதவற்றைத் தூக்கி எறியாதீர்கள்

மேலே நாம் வைத்துக்கொண்ட அட்டவணையில் 8 நிகழ்வுகளுக்குத் தூரம் இல்லை. 45-ஐ 100-ஆல் வகுத்தால் 45 சதவீதம், தெரிந்த 92-ஆல் வகுத்தால் 49. இரண்டும் புழக்கத்தில் உண்டு, எதால் வகுத்தோம் என்று சொல்வதுதான் அரிது. இரண்டு ஓரங்களையும் போட்டுப் பாருங்கள். தெரியாத எட்டும் தொலைவு என்றால் 45, எட்டும் ஐந்தடிக்குள் என்றால் 53. உண்மை இந்த இரண்டுக்கும் இடையில். இடைநிலைக்கும் அப்படியே: முதல் ஊகத்தில் சுமார் 6.4 அடி, இரண்டாவதில் சுமார் 4.7 அடி. தெரியாதவை எட்டாக இருக்கும்வரை முடிவு தாங்கும். முப்பதாக இருந்தால் அந்த அட்டவணையை வைத்துத் தலைப்பு எழுதாமல் இருப்பதே மேல்.

ஐந்தாம் படி: எண்ணிக்கை சிறியது

2019-இல் லியோகா கணக்கில் வன்செயலால் கொல்லப்பட்ட அலுவலர்கள் 48 பேர், அவர்களில் 44 பேர் துப்பாக்கியால். 44 பேரை ஐந்தாறு கட்டங்களில் பிரித்தால் சில கட்டங்களில் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். கைக்கணக்கு ஒன்று: 1-ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். பாதியை ஒட்டிய சதவீதத்துக்கு அதுவே தோராயமான பிழை வரம்பு. 44-க்கு 15 சதவீதப் புள்ளிகள், 100-க்கு 10, 400-க்கு 5. ஐந்தடிக்குள் நடந்தவை போன ஆண்டு 45 சதவீதம், இந்த ஆண்டு 55 என்றால் ‘தூரம் குறைகிறது’ என்று எழுத அதில் ஒன்றுமில்லை. பத்தாண்டுகளைச் சேர்த்துப் படியுங்கள்.

அந்தக் கைக்கணக்கும் நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராதவை என்று நம்பிப் போடுவது. 2016-இல் கொல்லப்பட்ட 66 பேரில் 62 பேர் துப்பாக்கிக்கு இரையானவர்கள். ஜூலை 7 அன்று டாலஸில் ஒரே ஆள் சுட்டு 5 பேர், பத்து நாள் கழித்துப் பாட்டன் ரூஜில் 3 பேர். 62-இல் 8 பேர் இரண்டே நிகழ்வுகளில் போய்விட்டார்கள். ஆட்களை எண்ணுகிறோமா, நிகழ்வுகளை எண்ணுகிறோமா என்பதைப் பொறுத்து அந்த ஆண்டின் படமே மாறும்.

ஆறாம் படி: தூரமும் ‘பட்ட விகிதமும்’

ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் நியூயார்க் காவல்துறைக்காக 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1998 முதல் 2006 வரை, இருதரப்பும் சுட்டுக்கொண்ட மோதல்களில் காவலர் சுட்ட தோட்டாக்களில் குறியில் பட்டவை 18 சதவீதம். எதிராளி திருப்பிச் சுடாத நிகழ்வுகளில் 30 சதவீதம். 7 கஜத்துக்குள் 37 சதவீதம், அதற்கு அப்பால் 23 சதவீதம்.

இதைப் பார்த்ததும் ‘தூரம் கூடினால் குறி தவறும்’ என்று முடித்துவிடத் தோன்றும். பாதி சரி. தூரத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஓடுகிறார், காருக்குப் பின்னால் மறைகிறார், அவரும் சுடுகிறார். தூரத்தோடு இவை அத்தனையும் சேர்ந்தே மாறுகின்றன. 14 புள்ளி வித்தியாசத்தில் தூரத்தின் பங்கு எவ்வளவு என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தப்பி ஓடியவர் உடலில் பட்டதா என்பது தெரியாமலே போவதும் உண்டு. அது தவறிய கணக்கில் சேர்ந்ததா, விலக்கப்பட்டதா என்று பாருங்கள்.

விகிதம் எதற்கு எடுக்கப்பட்டது என்பது அடுத்த கேள்வி. ஒரு நிகழ்வில் ஒரே ரவுண்டு சுட்டு அது பட்டது, இன்னொன்றில் 20 ரவுண்டு சுட்டு 2 பட்டன என்று வைத்துக்கொள்வோம். நிகழ்வுகளின் சராசரி 55 சதவீதம். தோட்டாக்களின் மொத்தக் கணக்கு 21-க்கு 3, அதாவது 14 சதவீதம். இரண்டும் கணக்குப்படி சரி. நிறையச் சுட்ட ஒரு நிகழ்வு தோட்டாக் கணக்கைத் தன் பக்கம் சாய்த்துவிடும்.

1999 பிப்ரவரி 4 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஆயுதம் ஏதுமில்லாத அமடு டியாலோவை நான்கு காவலர்கள் அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். 41 ரவுண்டு, பட்டது 19. விகிதம் 46 சதவீதம், மேலே சொன்ன நகரச் சராசரிகள் எல்லாவற்றையும்விட அதிகம். 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தருகே ஆயுதம் ஏந்திய கொலையாளியைப் பத்தடிக்கும் குறைவான தூரத்தில் இரண்டு காவலர்கள் சுட்டார்கள். 16 ரவுண்டு. வழிப்போக்கர்கள் 9 பேர் தோட்டாவோ சிதறலோ பட்டுக் காயமடைந்தார்கள். பட்ட விகிதம் குறி பார்த்ததைச் சொல்லும். சுட்டது நியாயமா, பின்னால் யார் நின்றார்கள் என்பது அந்தக் கட்டத்தில் இருக்காது.

ஏழாம் படி: நெருக்கம் காரணமா, வேலையின் விளைவா?

கிராமத்தில் பாம்பு கடித்தவர்களில் பெரும்பாலோர் வயலில் கடிபட்டவர்கள் என்றால், வயலில் பாம்பு மூர்க்கமானது என்று பொருளல்ல. ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். காவலர் கார் ஜன்னலுக்கு அருகே போய் உரிமம் கேட்கிறார், கையைப் பிடித்து விலங்கு மாட்டுகிறார், வீட்டுச் சண்டையில் அறைக்குள் நுழைகிறார். வேலையே கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. 2018-இல் காவல்துறையுடன் ஏதோ ஒரு வகையில் தொடர்பு ஏற்பட்டவர்கள் 6.15 கோடிப் பேர் என்று அமெரிக்க நீதித்துறைப் புள்ளியியல் பணியகத்தின் ஆய்வு சொல்கிறது. அந்தத் தொடர்புகள் எந்தெந்தத் தூரத்தில் எவ்வளவு நேரம் நடந்தன என்று தெரிந்தால்தான் எந்தத் தூரம் அதிக ஆபத்து என்று சொல்ல முடியும். பின்னத்தின் தொகுதி கையில் இருக்கிறது, பகுதி இல்லை.

பயிற்சி வகுப்புகளில் புழங்கும் இரண்டு வாய்ப்பாடுகளைப் புள்ளிவிவரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று, ‘மூன்று கஜம், மூன்று ரவுண்டு, மூன்று விநாடி’. தனித்தனியே எடுத்த மூன்று பொதுமைகளை ஒன்றாகக் கட்டியது இது. மூன்றும் ஒருசேர அமைந்த நிகழ்வுகள் எத்தனை என்று அது சொல்லாது. மற்றொன்று, ‘21 அடி விதி’. சால்ட் லேக் சிட்டி காவல்துறையின் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார் என்ற பயிற்சிச் சோதனை அது. நடந்த நிகழ்வுகளின் தொகுப்பு அல்ல, இத்தனை அடிக்குள் வந்தால் சுடலாம் என்ற அனுமதியும் அல்ல. காவல்துறைத் தலைமை அதிகாரிகளின் ஆய்வு மன்றமான பெர்ஃப், இந்த விதியைக் கைவிடும்படி 2016-இல் பரிந்துரைத்தது.

தரவைச் சரியாகப் பயன்படுத்தியதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. எஃப்பிஐ தன் முகவர்கள் 17 ஆண்டுகளில் ஈடுபட்ட ஏறத்தாழ 200 சூடுகளை ஆராய்ந்தபோது முக்கால்வாசி 3 கஜத்துக்குள் நடந்திருப்பது தெரிந்தது. அதன்பின் 2012-இல் கைத்துப்பாக்கித் தகுதித் தேர்வை மாற்றி, 60 ரவுண்டில் 40-ஐ 3 முதல் 7 கஜத்துக்குள் சுடும்படி வைத்தார்கள். அதற்கு முந்தைய தேர்வில் பாதிக்கு மேல் 15 முதல் 25 கஜத்தில். தங்கள் ஆட்கள், தங்கள் சூடுகள், தங்கள் தேர்வு: பட்டியலும் பயன்பாடும் பொருந்துகின்றன. தொலைதூரப் பயிற்சியை முழுதாக எடுத்துவிடவும் இல்லை. சீருடை ரோந்துக் காவலருக்கு இதே முக்கால் பங்கைப் பொருத்துவது வேறு விஷயம், அவர் வேலை வேறு.

இந்த எண்களை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது இன்னும் கவனம் வேண்டும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் நடந்ததுபோல, கூட்டத்தின் மீது ரைபிளால் சுடும் நிகழ்வு இந்த அட்டவணைகளின் எந்தக் கட்டத்திலும் அடங்காது. இவை பெரும்பாலும் கைத்துப்பாக்கியோடு ஓரிருவர் எதிரெதிரே நின்ற நிகழ்வுகளிலிருந்து வந்தவை. ‘எங்குமே ஐந்தடிக்குள்தான்’ என்று ஓர் என்கவுன்ட்டரை விளக்க லியோகாவை இழுப்பதும் அதே தவறுதான்.

எழுதும்போது ஒரு வாக்கியத்துக்குள் ஐந்தைச் சேருங்கள்: பட்டியலில் யார், எந்த ஆண்டுகள், மொத்தம் எத்தனை, தூரம் தெரியாதவை எத்தனை, என்ன அலகு. தொடக்கத்தில் பார்த்த வாக்கியம் அப்போது இப்படி மாறும்: “இந்தப் பத்தாண்டில் துப்பாக்கியால் கொல்லப்பட்டு, தூரமும் பதிவான இத்தனை அமெரிக்கக் காவல் அலுவலர்களில், சுட்டவர் 5 அடிக்குள், அதாவது ஒன்றரை மீட்டருக்குள், இருந்தவை இத்தனை, தூரம் பதிவாகாதவை இத்தனை.” நீளம்தான். தலைப்பில் இடமில்லை என்றால் முதல் பத்தியில் வைக்கலாம்.